ஈர வார்னிஷ்மேல் விபூதி

திருத்தணியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் அந்த வீடு சொந்தமில்லை. கிருத்திகை என்றால் உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். மலையேறுமுன் குளிக்க, இறங்கிய பிறகு சாப்பிட, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கூடத்தில் காலை நீட்டிப் படுக்க. ஆடிக் கிருத்திகைக்குக் கேட்கவே வேண்டாம், இரண்டு நாள் மூன்று நாள் ஓடும். முருகனை நான் குறை சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு மலைமேல் இருக்கிறார். அடுப்படியில் நிற்பது நான்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் மூன்று பேருக்கு டிபன் டப்பா கட்டிவிட்டு, கே.ஜி.கண்டிகை பக்கம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாலையில் ஒரு கட்டு நோட்டோடு திரும்புகிறவள். அந்த நோட்டுகளைத் திருத்த என் வீட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. சாப்பாட்டு மேசை கணவரின் செய்தித்தாளுக்கும் சார்ஜருக்கும் மாத்திரை டப்பாவுக்கும் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. நான் சமையல் மேடையில், மிக்சிக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்துவேன். ஒருநாள் ஒரு பெண்ணின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பொண்ணு நோட்டுல ரசம் வாசன வருதுங்க" என்றார். எனக்கு மானமே போயிற்று.

அன்று இரவு சாப்பிடும்போது, எனக்கு ஒரு மேசை வேண்டும், ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிற இடத்துக்குச் சரியாக நானே செய்துகொள்ளப் போகிறேன் என்றேன். கணவர் சிரித்தார். பெரிய சிரிப்புகூட இல்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு. பாதி மேசையை அந்தச் சிரிப்புக்காகவே செய்தேன்.

பழைய மரக்கடையில் இடித்த வீட்டுத் தேக்குக் கதவு ஒன்று கிடைத்தது. பட்டறையில் கொடுத்து அளவுக்கு அறுத்து வாங்கினேன். மற்றதெல்லாம் நானும் செல்போன் வீடியோவும்தான். கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தேன். பரீட்சை வந்தால் இரண்டு மாதம் நிற்கும், கல்யாணம் வந்தால் ஒரு மாதம் நிற்கும். முதல் கால் ஆடியது. கழற்றி மறுபடி பூட்டினேன். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை மழுங்கி, பள்ளியில் கைவிரல் வைக்கும் கருவி என்னை அடையாளம் தெரியாது என்றது. மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்பதை மட்டும் வேதம்போல் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இதில் கணவரின் பங்கு, ஒருமுறை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தது.

மேசை நின்றதும் பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். யாரை? அவரை. "இன்னா சார், ஆசாரி வேலகூட கத்துகினீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது நான் காபி டம்ளரோடு பக்கத்தில்தான் நிற்கிறேன். இவர் வாயைத் திறக்க வேண்டுமே! "ஏதோ, டைம் கெடைக்கிறப்போ" என்று தரையைப் பார்த்துச் சிரித்தார். கேட்டால், "நான் செஞ்சேன்னு எப்போ சொன்னேன்?" என்கிறார். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. அரசு உத்தியோகத்தில் வேறு எதைக் கற்றாரோ இல்லையோ, இதைக் கற்றிருக்கிறார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் விடியற்காலையில் எழுந்து கடைசிப் பூச்சு வார்னிஷ் அடித்தேன். அறைக் கதவைச் சாத்தி, "ஈரம், தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கணவர் லீவு போட்டு வீட்டில்தான் இருந்தார். அவருடைய அக்கா, எனக்கு அண்ணி முறை, புத்தூரிலிருந்து மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தவர், அன்றைக்கே வந்து, மலைக்கும் போய் இறங்கிவிட்டார்.

மாலையில் நான் வந்து அறையைத் திறந்தேன். மேசையின் நட்ட நடுவில், மூன்று விரல் அகலத்துக்கு நீளமாக விபூதிப் பட்டை. நான்கு கால்களிலும் மஞ்சள், குங்குமம். எல்லாம் வார்னிஷோடு சேர்ந்து ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. அழுகை வரவில்லை. காது சூடாகிவிட்டது.

"புதுப் பொருள வெறுமனே வுடலாமாம்மா? தம்பி கையால செஞ்சது, கண்ணு பட்டுடும்னு சாமி விபூதியே வெச்சேன்" என்றார் அண்ணி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தெரிந்த வழியில் ஆசீர்வாதம் செய்திருக்கிறார். உண்மை தெரிந்தும் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தேன்.

"சாமி விபூதிய எப்பிடி வேணாம்ன்றது?" என்றார்.

விபூதியை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. "அது அவ செஞ்சது" என்ற மூன்று வார்த்தையைத்தான் கேட்டேன், மேசை நின்ற நாளிலிருந்து.

மறுநாள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். வார்னிஷும் காய்ந்திருந்தது. உப்புத்தாளைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் அவர் கையில் கொடுத்தேன். "நீங்க செஞ்ச மேசதானே? பட்டைய நீங்களே தேச்சு எடுத்துக் குடுங்க."

மறுத்தால் உண்மை வெளியே வரும். வாங்கிக்கொண்டார். வாணலி தேய்ப்பதுபோல் குறுக்கேயும் வட்டமாகவும் கரகரவென்று தேய்த்தார். ஒவ்வொரு இழுப்பும் என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் தடுக்கவில்லை. அண்ணியின் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், குறுக்கால தேச்சுகினு இருக்கிற? மெய்யாலுமே நீதான் செஞ்சியா?" என்றார்.

அண்ணி என் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, நீ வாய் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றார். அதையும் நான்தான் சொல்ல வேண்டுமாம்.

அந்த மேசையில்தான் இப்போது நோட்டுத் திருத்துகிறேன். நடுவில் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. இரண்டு ஞாயிறு உட்கார்ந்தால் இழைத்து எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. போன வாரம் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்து, மேசையைத் தடவிப் பார்த்து, யார் வேலை என்று கேட்டார். நான் தலை நிமிராமல் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அவ செஞ்சது" என்றார் கணவர். கொஞ்சம் கழித்து, "அந்தக் கீறல் மட்டும் என்னுது."