அக்கரையில் இழுத்தது யார்?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நடந்தது. எனக்கே நடந்தது. பேய், பிசாசு என்று எவனாவது பேச்செடுத்தால், "போய் வேலையைப் பாருடா" என்று வாயை அடைக்கிற ஆள் நான். முப்பது வருடம் ஆற்றுக் காவல் பார்த்தவன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று இந்தப் பக்கத்தில் ஒருவனும் சொன்னதில்லை.

எங்கள் ஆறு சுண்ணாம்புக் குன்றுகளின் அடியிலிருந்து ஊறி வருவது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கோடை வந்தால் அதில் பாசி மண்டிவிடும். அதனால் ஜூனில் ஒரு வாரம் குறித்து, ஆறு நெடுக எல்லாக் காவலர்களும் ஒரே சமயத்தில் பாசி அறுப்போம். அறுத்தது கீழே மிதந்து போய் மற்றவர்களின் மதகை அடைக்கும் என்பதால், அந்த வாரம் தாண்டி யாரும் அறுக்கக் கூடாது. அறுத்தால் வீட்டு வாசலுக்கே வந்து திட்டுவார்கள்.

அறுக்க ஒரு அரிவாள் சங்கிலி உண்டு. அலகுகளை வரிசையாகக் கோத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருப்போம். இக்கரையில் ஒருவன், அக்கரையில் ஒருவன். மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே, ஓட்டத்துக்கு எதிராக மேலே நடக்க வேண்டும். கயிற்றை ஒரு தடவை சுண்டினால் 'ஓரடி மேலே வா'. இரண்டு தடவை சுண்டினால் 'நிறுத்து'. பதில் சுண்டல் வராமல் கயிற்றை விடவே கூடாது. விட்டால், எதிர்க்கரைக்காரன் இழுக்கிற வேகத்தில் அத்தனை அலகும் அவன் காலில்தான் போய்ப் பாயும்.

அந்த வருடம் எனக்கு ஜோடி பெர்சி. என் தங்கை ஐவியின் புருஷன். நல்ல உழைப்பாளி, வாய்தான் ஓயாது. நீச்சல் தெரியாது. ஐவி அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை.

"தோள் வலின்னு அவரு ராத்திரி பூரா தூங்கல அண்ணே. கொஞ்சம் பாத்துக்கோ," என்றாள்.

"நான் இருக்கேன்ல. போ, போய்ப் படு," என்றேன்.

சனிக்கிழமை. அறுப்பு வாரத்தின் கடைசி நாள். விடிகாலை ஐந்து மணிக்கு ஆற்றங்கரைக்குப் போனால், பனி. நீட்டிய கை தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் திரும்பியிருப்போம். ஆனால் எங்கள் பங்கில் பாலத்திலிருந்து ஆலை மதகு வரை இன்னும் பாக்கி இருந்தது. பெர்சி பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனான். மார்பு வரை வருகிற ரப்பர் கால்சட்டை போட்டிருந்தான். அதற்குள் தண்ணீர் புகுந்தால் ஆளைக் கல் மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடும்.

கயிற்றை எறிந்து பிடித்து ஆரம்பித்தோம். அலகுகள் கூழாங்கல்லில் உரசின. சரக்... சரக்...

"மச்சான், இழுக்கிறியா, தடவிக் குடுக்கிறியா?" பனிக்குள்ளிருந்து பெர்சியின் குரல்.

"மூடிக்கிட்டு உன் கரையைப் பாருடா மாப்ளே."

"என் கரை சூப்பரா இருக்கு. உன் பக்கந்தான் பன்னி மேஞ்ச மாதிரி இருக்கும்."

சிரித்தேன். அவன் பேசி நான் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

முதல் வளைவில், பூவரசு மாதிரி அடர்ந்த ஒரு மரம் அக்கரையோடு சாய்ந்து, வேரைத் தண்ணீரில் விட்டிருக்கும். அந்த இடத்தில் கயிறு ஒரு தடவை வெடுக்கென்று குலுங்கியது. பிறகு தொய்ந்தது.

"பெர்சி?"

பதில் இல்லை.

"என்னடா, வாயில பாசி அடைச்சிருச்சா?"

கயிறு மெல்ல இறுகியது. ஒரு சுண்டல். ஓரடி மேலே வா.

சரிதான், அலகு எங்கோ வேரில் மாட்டியிருக்கும், எடுத்துவிட்டிருப்பான் என்று நினைத்தேன். திரும்பவும் இழுத்தோம். சரக்... சரக்...

கொஞ்ச நேரம் போனது. எனக்கு என்னவோ போல் இருந்தது. தோள் வலிக்காரன் பெர்சி. அவன் இழுத்தால் விட்டுவிட்டுத்தான் வரும். நடுவில் மூச்சு வாங்குவான், திட்டுவான். இப்போது வந்த இழுப்பு ஒரே சீராக இருந்தது. நிற்கவே இல்லை. பேச்சும் இல்லை. சாப்பிடும்போதுகூட வாயை மூடாதவன் அவன்.

"தோள் எப்படிடா இருக்கு?"

ஒரு சுண்டல். மேலே வா.

போனேன்.

அப்போதுதான் தண்ணீரைக் கவனித்தேன். சங்கிலி அடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அறுபட்ட பாசி ஒரு கொத்துகூட மேலே வரவில்லை. அத்தனை நேரமாக நாங்கள் எதை அறுக்கிறோம்?

இரண்டு தடவை சுண்டினேன். நிறுத்து.

ஒரு சுண்டல் வந்தது. மேலே வா.

திரும்பவும் இரண்டு.

திரும்பவும் ஒன்று. இந்தத் தடவை பலமாக. என் பூட்ஸ் புல்லில் வழுக்கியது.

"டேய், விளையாடாதே! நெஜமாவே நிறுத்து!"

எதிரே மதகின் இரைச்சல் கேட்டது. தண்ணீர் விழுந்து விழுந்து அங்கே ஒரு மடு உண்டாகியிருக்கும். இரண்டு ஆள் ஆழம். அதன் விளிம்புக்கு வந்துவிட்டேன். கயிற்றை விட்டிருக்கலாம். உங்களுக்குச் சொல்வது சுலபம். விட்டால் பெர்சியின் கால் போய்விடுமே! ஐவிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த ஒரு நினைப்பில் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றி நின்றேன்.

மணி ஆறு ஐந்து. கோயில் மணி அடித்து ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

பனி ஒரு நிமிடம் விலகியது.

அக்கரை தெரிந்தது.

புல்லெல்லாம் பனித்துளி. வெள்ளையாக, கலையாமல் இருந்தது. ஒருவர் நடந்த தடம் இல்லை.

என் கயிறு நடு ஆற்றில் தண்ணீருக்குள் இறங்கியது.

அந்தப் பக்கம் ஏறவே இல்லை...

ஆனாலும் இழுத்தது.

அடியிலிருந்து.

அதே நேரம் எனக்குப் பின்னால், கீழே தூரத்தில், பாலத்துப் பக்கம்...

"மச்சான்... விடு... விடு மச்சான்..."

பெர்சியின் குரல்.

கயிற்றை உதறினேன். அது பாம்பு மாதிரி சுருண்டு மடுவுக்குள் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினேன். விழுந்தேன். எழுந்து ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன்.

முதல் வளைவு. அந்த மரத்தின் வேருக்குக் கீழே முகம் மட்டும் தெரிந்தது. உதடு நீலம். இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து, அக்கரைக்குப் போய், அவனை மேலே இழுத்துப் போட்டேன். தொடையில் அலகு ஆழமாக இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். பயத்தில் மூடிக்கொண்டான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் வந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை கீழ்ப்பக்கத்துக் காவலர்கள் இரண்டு பேர் மடுவில் கொக்கி போட்டுச் சங்கிலியை எடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பெர்சி பக்கத்துக் கயிறு முதல் அலகை ஒட்டி அறுந்திருந்தது. மிஞ்சியது ஒரு சாண்கூட இல்லை. மீதிக் கயிறு முதல் வளைவில், வேரில் சிக்கிக் கிடந்தது. வளைவுக்கு அப்பால் அந்த முனையில் யாரும் பிடித்து இழுக்க ஒன்றுமே இல்லை.

அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு கதவுக்கு வெளியே ஐவி நின்றிருந்தாள். வழிவிடவில்லை.

"உள்ள போகாதே அண்ணே."

"ஏம்மா? முழிச்சிட்டானா?"

"முழிச்சாரு. உன்னைக் கிட்ட விடாதேங்கிறாரு."

"என்னையா? ஏன்?"

அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விழுந்த உடனே நீ தண்ணிக்குள்ள வந்துட்டியாம். பக்கத்துலயே நின்னியாம். வேர் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சாம். பிடிச்சு ஏறியிருப்பேன், மச்சான் என் கையை விடலைன்னு அழுறாரு. விடு விடுன்னு கெஞ்சினாராம். நீ சிரிச்சுக்கிட்டே நின்னியாம்."

"ஐயோ, ஐவி! நான் மதகுக்கிட்ட இருந்தேன். கர்த்தர் மேல சத்தியம்!"

"மணிக்கட்டைப் பாத்தேன் அண்ணே. அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு."

அன்று இரவே பெர்சி இறந்துபோனான். நான்தான் அவனைப் பிடித்து வைத்திருந்தேன் என்று நம்பிக்கொண்டே போனான்.

ஐவி என்னை நம்புகிறாள். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறாள். அடக்கத்தன்று கோயில் வாசலில் கார் நின்றது. நிறைமாத வயிற்றோடு இறங்கச் சிரமப்பட்டாள். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, தானாகவே இறங்கினாள்.