அறுபத்தாறு சுற்று

எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே பல வருஷம் போய்விட்டது. மாசி மகம் வரும்போதெல்லாம் நோட்டை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள் நான், கோர்வையாக வராது. ஆனால் எங்கள் ரெட்டியார்பாளையத்துத் தெருவில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. சித்தப்பா சுத்தமில்லாமல் வண்டி ஓட்டினார், அதனால் அம்மன் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டாள் என்று. அது உண்மை இல்லை. உண்மை தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் இப்போது மிச்சம்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நாலாவது வருஷம் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போய், வீட்டில் எல்லோரும் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். சித்தப்பா மட்டும் அம்மன் சன்னதியில் சூடம் ஏற்றி வேண்டிக்கொண்டார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தால், வருகிற மாசி மகத்துக்கு உன்னை என் லாரியில் ஏற்றி, கடல் தண்ணீர் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று. அப்பா எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி கேட்டார்.

அந்த லாரி சண்டைக் காலத்துப் பட்டாள லாரி, ஏலத்தில் வந்தது. வேண்டும்போது முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சித்தப்பா அதை வெறுமனே வைத்திக்குப்பம் கடற்கரை மணலில் இறக்கிப் பார்த்தார். அச்சு வரைக்கும் புதைந்தது. அதனால் உயரமும் அகலமுமான பெரிய டயர்களை வாங்கி மாட்டினார். அப்புறம் புதையவில்லை, ஆனால் வண்டிக்கு மூச்சு வாங்கியது. மணலில் இஞ்சின் அடிக்கடி நின்று போயிற்று. ரோட்டிலோ முதல் கியரிலேயே வேகமாக ஓடியது. சாமிக்கு முன்னால் நடக்கிற மேளக்காரர்கள் ஓடத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாப்பா இது, ஆட்டுக்குட்டிக்கு யானைக் காலு மாட்டினா மாதிரி. காலு பெருசானா உள்ள இருக்கிற பல்லயும் மாத்தணும். சைகோன்ல நாங்க அப்படித்தான் மாத்துவோம்."

பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போய்விடும், அவ்வளவு இழுக்க இஞ்சினுக்குத் தெம்பு பத்தாது. இஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் இன்னும் நிறையச் சுற்றி, டயர் நிதானமாகச் சுற்றுகிற மாதிரி, பல்சக்கரத்தை உள்ளே வைத்திருக்கும் ஆக்சிலை மாற்ற வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் நடுவில் இருந்து இரண்டுக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி முறுக்கிக்கொண்டு உடைந்துபோகும்.

பழைய இரும்புக் கடையில் பட்டாள ஆக்சில்கள் குவிந்து கிடந்தன. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, தகட்டில் எழுத்து தேய்ந்திருந்தது. எண்ணித்தான் பார்க்க வேண்டும், எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும். சித்தப்பா என்னை அழைத்துப் போனார். ஆக்சிலைக் கட்டைமேல் ஏற்றி, ஒரு முனையைக் கயிற்றால் கட்டிவிட்டு, மறு முனையைக் கையால் இருபது சுற்று சுற்றுவார். அதற்குள் நடுவில் ஷாஃப்ட் மாட்டுகிற இடத்தில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை தபா மேலே வருகிறது என்று நான் எண்ண வேண்டும். பின் ஆக்சிலுக்கு அறுபத்தாறு வந்தது. அவருக்கு வேண்டியதும் அதுதான். முகம் மலர்ந்து என் தலையில் தட்டினார். கையில் இருந்த கிரீஸ் என் வகிட்டில் ஒட்டியது.

அதே போல முன்னாலும் ஒன்று வேண்டும். ஒன்றைத் தேடி எடுத்துச் சுற்றத் தொடங்கினார். நாற்பதோ என்னவோ எண்ணியிருப்பேன், வாசலில் ஒரு குரங்காட்டி வந்தான். குரங்கு குல்லாய் போட்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா சுற்றி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி?"

"அறுபத்தாறு."

"சரியா எண்ணினியா, கண்ணு? இல்லன்னா இன்னொரு தபா சுத்திடறேன்."

"அம்மன் மேல சத்தியமா அறுபத்தாறு சித்தப்பா."

எங்கள் வீட்டில் அம்மன் மேல் சத்தியம் என்று ஒருவர் சொன்ன பிறகு அதை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். சரிபார்ப்பது அம்மனையே சந்தேகப்படுவது. சித்தப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

இரண்டையும் வண்டியில் மாட்டி முடிப்பதற்குள் மாசி மகம் வந்துவிட்டது, மணலில் இறக்கிப் பார்க்க நாள் இல்லை. சாதாரண ரோட்டில் முன் சக்கர இழுப்பு தேவையில்லை, அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. மாசி மகத்தன்று காலையில் வண்டி முழுக்க மாவிலையும் வாழையும். அம்மன் மேலே உட்கார்ந்திருந்தாள். மேளத்துக்குப் பின்னால் லாரி மாடு நடப்பது போல நடந்தது. அப்பா மெலிந்த உடம்போடு திண்டில் சாய்ந்து அம்மனுக்குப் பக்கத்தில் இருந்தார். மணலுக்கு முந்தின தெருவில், கூட்டத்தில் நின்றுவிடக் கூடாதே என்று சித்தப்பா முன் இழுப்பையும் போட்டார். வண்டி உதறியது. டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு கத்தியது. கொஞ்ச தூரத்தில் அடியில் படீரென்று ஒரு சத்தம். அதற்குமேல் வண்டி அசையவில்லை. கடல் எதிரிலேயே தெரிந்தது.

குப்பத்து ஆட்கள் அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தீர்த்தவாரி செய்வித்தார்கள். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கோயில் பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"வேண்டுதல் வண்டியப்பா இது. இன்னா குத்தம் பண்ணின?"

சித்தப்பா கீழே இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன் ஐயா."

மாடுகளைப் பூட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். அப்பா மறுபடி படுத்துவிடுவார், என் பொய்ச் சத்தியம் அவரைத்தான் பிடிக்கும் என்று பயந்து அவர் பாயையே சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் சித்தப்பா முன் ஆக்சிலைக் கழற்றிக் கொல்லையில் வைத்து, ஒற்றை ஆளாக, கொஞ்சம் சுற்றுவதும் கோட்டைப் பார்ப்பதுமாக எண்ணினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர் உதட்டையே பார்த்தேன். ஐம்பத்தெட்டில் நின்றது. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"போ கண்ணு, போய் சாப்பிடு."

அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். சித்தப்பா சாமி வண்டியைத் திரும்பத் தொடவில்லை. மாசி மகம் தோறும் வெயிலில் செருப்பில்லாமல் கடல் வரைக்கும் நடந்தார். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் தன் பெயரைச் சொல்லமாட்டார். என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வார். தன் பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான். அவர்கள் பொறாமைப்படுவார்கள். எனக்கு ஒரே பெருமை, சித்தப்பாவுக்கு என்மேல்தான் ஆசை அதிகம் என்று.

என் மகள் ஒருநாள் அம்மன் மேல் சத்தியம் செய்ய வாயெடுத்தபோது என் கை தானாகப் போய் அவள் வாயைப் பொத்தியது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அவர் யாருடைய குற்றத்துக்காக நடந்தார், யாருக்காக மன்னிப்புக் கேட்டார் என்று. அதற்குள் சித்தப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

படிக்கிறவர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அம்மன் வண்டியை நிறுத்தினாள் என்று சேர்க்க வேண்டாம். குழந்தைதானே என்று என்னைத் தாங்கிப் பேசவும் வேண்டாம். வந்தது ஐம்பத்தெட்டு, நான் சொன்னது அறுபத்தாறு. அதை அப்படியே சொல்லுங்கள்.