லூர்துசாமியின் பென்சில் அட்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை, மாசாய் பெட்ரோல் நிலையத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது லூர்துசாமியின் மகள் அழைத்தார். "அங்கிள், அப்பா காலையில இறந்துட்டாங்க" என்றார். காலமானார், ஆண்டவரிடம் சேர்ந்தார் என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. அப்பாவின் வளர்ப்பு அப்படி. நான் இரண்டு டயருக்கும் காற்று அடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் மாதா கோயில் பாடகர் குழுவில் மற்றவர்களை அமுக்கிவிட்டு உரக்கப் பாடுபவர். எனக்கு அவர் ஜொகூர் பாருவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் எதிர் மேசைக்காரர். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆங்கிலப் பத்திரங்களைக் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் விளக்குவது அவர் வேலை. கோப்புகளைத் தேடி எடுப்பது என் வேலை. என்னை 'பாய்' என்பார், நான் 'அண்ணே' என்பேன். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. நெருங்கிய நண்பர்கள் என்று இப்போது சொன்னால் அது பொய்.

பழைய உயில்களிலும் பத்திரங்களிலும் வரும் ஆங்கிலச் சொற்கள் அவருக்கு ஒரு பைத்தியம். இன்று எந்த வெள்ளைக்காரனும் பேசாத சொற்கள். ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, கீழே தமிழில் பொருள் எழுதுவார். 'ரெலிக்ட்' என்ற அட்டையில், "கணவன் இறந்தபின் இருக்கும் மனைவி. அந்த அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம்" என்று இருக்கும். 'இன்டெஸ்டேட்' அட்டையில், "உயில் எழுதாமல் இறந்தவர். நம் ஆட்களில் முக்கால்வாசி" என்று இருக்கும்.

அட்டைகளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். புதுச் சொல்லின் பொருளை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். பிறகு கீழ்த்தளத்து உணவகத்துக்குப் போய், ஆங்கிலமே தெரியாத டீ மாஸ்டரிடம் படித்துக் காட்டுவார். 'கொடிசில்' என்ற சொல்லுக்கு "உயிலின் பிற்சேர்க்கை" என்று எழுதிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

"பிற்சேர்க்கைன்னா என்னாண்ணே?" என்றார் மாஸ்டர்.

"உயிலு எழுதினப்புறம் மனசு மாறி, கூடச் சேத்து எழுதுறது."

"இப்ப வெளங்குது லா. இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அன்று மாலையே அந்த அட்டை பேனாவுக்கு மாறியது. "பென்சில்ல இருக்கறத யாருக்கும் சொல்லக் கூடாது பாய். அது இன்னும் என் ஊகந்தான்" என்பார். எனக்கு இதெல்லாம் வேலையில்லாதவர் வேலையாகப் பட்டது. கேலியும் செய்திருக்கிறேன்.

அவர் அந்தச் சட்டத்தை மீறியது ஒரே ஒரு முறை. மாசாயிலிருந்து பார்வதியம்மா என்று ஒருவர் வந்தார். கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டின் பின்புறம் வாழை வைத்து, உணவகங்களுக்கு இலை கொடுத்துப் பிழைப்பவர். அந்தப் பின்நிலம் தனக்குத்தான் என்று கொழுந்தனார் ஒரு தாள் தயாரித்து, கையெழுத்துக் கேட்டிருந்தார். கணவரின் உயிலோ வயதான வக்கீல் ஒருவர் எழுதியது. மனைவிக்கு 'மெஸ்ஸுவேஜ்' என்றிருந்தது. லூர்துசாமி அட்டையை எடுத்தார். "வீடு" என்று பென்சிலில் இருந்தது. தயங்கினார். அகராதியைத் தேடக் கையை நீட்டினார்.

"பாஸ் சீக்கிரம் முடிக்கச் சொல்றாருண்ணே" என்று நான் வாசலிலிருந்து சொன்னேன்.

"வீடும்மா. வீடு உங்களுக்கு" என்றார் அவர்.

"வீடு மட்டுந்தானா?"

"ஆமாம்மா."

பார்வதியம்மா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் லூர்துசாமி அகராதியைப் புரட்டினார். மெஸ்ஸுவேஜ் என்றால் குடியிருக்கும் வீடு, அதைச் சேர்ந்த கொட்டகைகள், அந்த வீட்டுக்கென்று விட்ட சுற்று நிலம், எல்லாம் சேர்ந்தது.

"யாருக்கும் தெரியப்போறதில்ல, விடுங்கண்ணே. இன்னும் ரெண்டு வருசத்துல ரிடையர் ஆகப்போறீங்க" என்றேன்.

"எனக்குத் தெரியுதே பாய்" என்றார்.

அன்றே என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மாசாய் வந்தார். வாழைகளில் பாதி அதற்குள் வெட்டப்பட்டிருந்தது. அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. "நான் சொன்னது தப்பும்மா. அந்த நிலமும் ஒங்களோடது" என்றார். பார்வதியம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "இதையே கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னார். சத்தியம் செய்து எழுத்திலும் கொடுத்தார். கொழுந்தனார் இறங்கி வந்தார், நிலம் திரும்பியது. ஆனால் அலுவலகத்தின் பெயர் கெட்டுவிட்டதென்று முதலாளி கொதித்துப்போனார். எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"அந்தம்மா வந்த அன்னிக்கு நான் சிங்கப்பூர்ல இருந்தேன். ஆபீஸ்ல ஒரு கூட்டமும் இல்ல. யாரு ஒங்கள அவசரப்படுத்தினது?" என்று கேட்டார்.

முதலாளி அன்று அப்படி எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பசி, கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் சொன்னது பொய் என்று லூர்துசாமிக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாரும் இல்ல சார். என் அவசரந்தான்" என்றார்.

விளக்கிச் சொல்லும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு ஆண்டுகளும் என்னோடு சேர்ந்து கோப்பு தேடினார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்ததும் அட்டைப் பெட்டியை எனக்குக் கொடுக்க மகள் முன்வந்தார். நான் வாங்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது முன்பே வந்துவிட்டது: முதலாளியின் அறையில் அவர் சொல்லாமல் விட்ட என் பெயர். அதைச் சுமந்துகொண்டு நேற்றுப் பார்வதியம்மாவிடம் போனேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். இலை நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எத்தன தடவ திட்டியிருப்பேன் அந்த மனுசன" என்றார்.