ஜன்னலோர நாற்காலி

லியார்கோ பெத்தோனி முப்பத்தொரு வருஷம் சஸ்ஸுவோலோ ஊரில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வரிசையாக நகர்ந்து வரும் டைல்ஸில் மயிரிழைக் கீறலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு மனிதர் சாதித்ததெல்லாம், ஞாயிறுதோறும் ரோட்டோரம் நின்று அடுத்தவன் காரை வாய் பிளந்து பார்த்ததுதான். அவருடைய சொந்த வண்டி ஓர் ஓட்டை ஃபியட். அதன் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

அவரைப் போலவே வேலைவெட்டி இல்லாத பதினோரு பேர் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து ஃபார்மிஜினே ஊர் மதுக்கடையில் கூடுவார்கள். எந்தப் பழைய ஃபெராரியை எந்த வளைவில் பார்த்தேன் என்று ஆளாளுக்கு அளப்பார்கள். அந்தக் கார்களுக்கு ஒரு டயர் வாங்கக்கூட ஒருத்தனுக்கும் வக்கில்லை. ஆனாலும் தலைவர் உண்டு, சட்டம் உண்டு! நம்பர் பிளேட்டைச் சொல்லாவிட்டால் செல்லாது. தன் உறவுக்காரர் யாராவது உட்கார்ந்திருக்கும் வண்டியைப் பார்த்தால் அதுவும் செல்லாது. முன்னமே தெரிந்துகொண்டு போய் நின்றிருப்பாய் என்பார்கள். வருஷத்தின் அபூர்வமான காரைப் பார்த்தவருக்கு ஜன்னலோர நாற்காலி. ஒன்பது வருஷமாக லியார்கோ அதற்கு ஏங்கினார். மகள் ஒம்பிரெட்டா பட்டம் வாங்கிய அன்று, மலைப்பாதையில் ஒரு மஸராட்டிக்காகக் காத்து நின்ற பெரிய மனிதர் இவர். அதிலிருந்து நாலு வருஷமாக அவள் அவரோடு பேசவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு. வருஷத்தின் கடைசிக் கூட்டம். அன்றைக்கென்று பார்த்து, கட்டிக்கொள்ளப் போகிற பையனோடு மகள் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"ஒரு மணிக்கு வீட்ல இருக்கணும்," என்றாள் மனைவி இல்டே, கறிப் பூரணம் வைத்துத் தொர்தெல்லீனி மடித்துக்கொண்டே. "இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா அவ இந்த வாசப்படியை மிதிக்கவே மாட்டா, ஆமா."

"வந்துடறேன்டி!"

பன்னிரண்டு மணிக்குக் கடைக்குள் நுழைந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "லான்சியா அவுரேலியா, திறந்த வண்டி, ஐம்பத்தஞ்சாம் வருஷத்து மாடல்! சர்ச் முக்குல, இப்பத்தான்!" நம்பரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

தலைவர் எர்மெஸ் பக்கத்து நகரமான ரெஜ்ஜோவிலிருந்து வருகிறவர், லேசில் நம்பாதவர். "யோவ், உள்ள யாரு இருந்தா?"

"ஒரு தாடிக்காரன் ஓட்டினான். பக்கத்துல பச்சை ஸ்கார்ஃப் கட்டின பொண்ணு. கையாட்டினா."

"யாருக்கு?"

"யாருக்கோ! நான் சக்கரத்தைல்ல பார்த்துக்கிட்டிருந்தேன்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். லியார்கோ ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் கதவு திறந்தது. பச்சை ஸ்கார்ஃபோடு ஒம்பிரெட்டா நின்றாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

எர்மெஸ் அவளையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "என்னய்யா, உன் ஜாடை அப்படியே இருக்கே. உன் மகளா?"

லியார்கோவின் கைகள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கின. ஆம் என்றால் நாற்காலிதான் போகும், தலை போய்விடாது.

"சேச்சே. என் மக மிலான்ல இருக்கா. இது யாரோ."

ஒம்பிரெட்டாவின் சிரிப்பு அடங்கியது. கவுண்டரில் ஒரு காபி கேட்டு, நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தாள்.

எர்மெஸுக்கு இன்னும் சந்தேகம். "ஏம்மா, உனக்கு இவரைத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் இங்க இருப்பார்னு நினைச்சு வந்தேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

வெளியே அவுரேலியா இருமி இருமி உறுமியது. பதினோரு பேரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். லியார்கோ எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் இருந்த இடத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது.

"கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணணும்," என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள்.