நான்காவது சீலம்

நான் சீலம் எடுக்கப் போகிறேன் என்ற செய்தி தேயிலைத் தோட்டம் முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. போயா என்கிற பௌர்ணமி தினத்தில் வெள்ளை உடுத்திப் பன்சலைக்கு, அதாவது புத்தர் கோயிலுக்குப் போய், அங்குள்ள பிக்குவான ஹாமதுரு முன்னால் உட்கார்ந்து, ஐந்து சீலங்கள் என்கிற ஒழுக்க விதிகளை வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். சிங்களவர்களுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். மாரியம்மன் திருவிழாவில் வருடா வருடம் காவடி தூக்கிய என்னைப் போன்ற ஒருவன் செய்தால் லயத்து வரிசை வீடுகளின் வாய்கள் சும்மா இருக்குமா? குழாயடியில் ஒருவன், "என்னண்ணே, எப்ப மொட்டை அடிக்கப் போறீங்க?" என்று கேட்டான். "ஒனக்குப் பொண்ணு கெடைச்ச மறுநாளு" என்றேன். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கோயில் தலைவர்தான் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நம்ம சாமி ஒனக்கு என்னய்யா கொறை வச்சுச்சு?" என்றார். ஒரு குறையும் வைக்கவில்லை, அம்மனை விட்டு நான் எங்கேயும் போகவும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவி குளவி கொட்டிச் செத்துப்போனாள். அப்போது நான் மலைக்கு மருந்தடிக்கும் ஆள்களில் ஒருவன். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு முன்னால் மலைக்குள் போகிறவர்கள் நாங்கள்தான். குளவிக்கூடு கண்ணில் பட்டால், அந்தத் தேயிலை நிரை தொடங்கும் இடத்தில், மேல்ரோட்டோரச் செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் கங்காணியிடமும் சொல்ல வேண்டும். பெண்கள் ரோட்டிலிருந்து இறங்கும்போது துணியைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு பொழுது சாய்ந்ததும் நாங்கள் போய்க் கூட்டைக் கொளுத்துவோம்.

அவளைக் குளவி கொட்டியதற்கு முந்தின நாள் பிற்பகல் நான் கூட்டைப் பார்த்தேன். துணியும் கட்டினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கங்காணி வீடு ஒரு பக்கம், சாராயக் கடை இன்னொரு பக்கம். துணிதான் கட்டியாச்சே, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைப் பக்கம் நடந்தேன்.

விடிய விடியப் பெய்த மழையில் மேல்ரோட்டில் மண் சரிந்துவிட்டது. கொழுந்து லொறி கீழ்ரோட்டிலேயே நின்றது. அதனால் பெண்களும் வழக்கத்துக்கு மாறாகக் கீழேயிருந்து மலை ஏறினார்கள். நான் கட்டிய துணி மேலே இருந்தது. அந்த நிரை என் மனைவிக்கு விழுந்தது. சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடியபோது அவளைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவள் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். வந்தவன் மேலே ஏறிப்போய் அந்தத் துணியை அவிழ்த்து ஆற்றில் போட்டேன். விசாரித்தவர்களிடம், கூடு என் கண்ணில் படவே இல்லை என்றேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

மனைவி மூன்று நாள் உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்னப் பன்சலை. உள்ளே இருக்க விடாத நேரங்களில் அதன் படியில் போய் உட்கார்ந்திருப்பேன். நீ யார், எந்த ஊர், ஏன் இங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மா பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மனைவி செத்த பிறகும் போயா வந்தால் என் கால் அங்கேதான் போனது. கேள்வி கேட்காத இடம் என்பதால் போனேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது பக்தி என்றுதான் நினைத்தேன்.

அங்கிருந்த ஹாமதுரு என்னைவிட இருபது வயது இளையவர். ஹட்டன் கடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ் அவருடையது. வெறுமனே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டாம், ஒவ்வொன்றும் உங்களுக்கு என்னவென்று முதலில் யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றார். யோசித்தேன். உயிரைக் கொல்லக் கூடாது. மருந்தடிப்பதை விட்டுவிட்டுக் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தேன். திருட எனக்குத் துணிச்சல் கிடையாது. மூன்றாவது பெண் விஷயம், அதற்கு எனக்கு வயது போய்விட்டது. ஐந்தாவது குடி, அதை மனைவி செத்த அன்றே விட்டாயிற்று. நாலாவது, பொய் சொல்லாமை. அதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போயாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹாமதுருவிடம் மெதுவாகக் கேட்டேன். "முன்னாடி சொன்ன பொய்க்கு என்ன செய்யிறதுங்க சாமி?"

"அந்தப் பொய், இப்பவும் சொல்றீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அது இன்னொரு பொய். வணங்கிவிட்டு பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. சின்னப் பையன், இவருக்கு என்ன தெரியும் என்று வழி நெடுக முனகிக்கொண்டே வந்தேன்.

நான் சீலம் எடுப்பதில் என் பக்கம் நின்றது மகள் ஒருத்திதான். கடையிலிருந்து வெள்ளைச் சாரமும் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். ஹாமதுரு தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, வேலை விட்டு வந்ததும் எனக்குப் பாடம் கேட்பாள். அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். பாளி வார்த்தைகளை என்னைவிடச் சுத்தமாகச் சொன்னாள். என் நாக்கு புரளாமல் போனால் சிரிப்பாள். அவள் அம்மா போன பிறகு அந்த ஒரு வாரம்தான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைக் கெடுக்க எனக்கு மனசே வரவில்லை.

போயாவுக்கு முதல் நாள் சாயந்தரம் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே என்னைச் சொல்லச் சொன்னாள். முதல் மூன்றும் சரளமாக வந்தன. "முசாவாதா" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் தொடங்கி மறுபடியும் அங்கேயே நின்றேன்.

"ஏன்ப்பா, தெனமும் நாலாவதுலயே நிக்கிறீங்க? அஞ்சாவது இதவிடப் பெருசு, அதக் கடகடன்னு சொல்றீங்க."

அயர்ன் பெட்டியை ஓரமாக வைக்கச் சொன்னேன். பிறகு சொன்னேன். கூட்டைப் பார்த்தது, துணி கட்டியது, கங்காணியிடம் போகாமல் கடைக்குப் போனது, மறுநாள் துணியை அவிழ்த்தது, எல்லாவற்றையும். அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். கத்துவாள், அழுவாள், வீட்டை விட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அயர்ன் பெட்டியின் பிளக்கைக் கழற்றினாள்.

"அன்னிக்குக் காலையில அம்மாவுக்கு நான்தாம்ப்பா தலை சீவிவிட்டேன்" என்றாள். "மொதச் சம்பளத்துல வாங்குன வாசன எண்ணெய். வேணாம் வேணாம்னாங்க, நான்தான் வம்பு பண்ணி வச்சுவிட்டேன். வாசத்துக்குத்தான் குளவி மொய்ச்சிருக்குன்னு சாவு வீட்டுல பேசிக்கிட்டாங்க. ரெண்டு வருசமா, அம்மாவ நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்ப்பா."

அந்தப் பேச்சு அன்று என் காதிலும் விழுந்திருந்தது. நல்லவேளை, எண்ணெய்மேல் போகிறது என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. அந்த எண்ணெயை வைத்துவிட்ட கை யாருடையது என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

மறுநாள் வெள்ளை உடுத்திப் பன்சலைக்குப் போனேன். ஐந்தையும் சொன்னேன். நாலாவது எங்கேயும் தடைப்படவில்லை. ஹாமதுரு லேசாகத் தலையசைத்தார். மற்றவர்கள் முகத்திலிருந்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. போயாவுக்குப் போயா என் பாரத்தை இறக்க இடம் தேடி நான் இங்கே வந்து உட்கார்ந்திருந்தபோதெல்லாம், என் பிள்ளை லயத்தில் தனியாக இருந்துகொண்டு என் குற்றத்தைச் சுமந்திருக்கிறாள். அதை நினைத்து அங்கேயே அழுதேன். பக்கத்திலிருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

இன்றுவரை மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அந்தக் கோபம் இரண்டு வருடமாக அவள்மேலேயே இருந்தது. இப்போது என்மேல் இருக்கிறது. இருக்கட்டும்.