பச்சை ஒயர்

எங்கள் மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது தன் ரெக்கார்டு பிளேயரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். திருவண்ணாமலையில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான் இல்லாத வீடு குறைவு. ஆனாலும் இப்படி ஒன்று எவருக்கும் கிடைத்ததில்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அப்பா அதை ஹாலிலிருந்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். தட்டு ஜோராகச் சுழன்றது. பாட்டு மட்டும் கொசு முனகுவதுபோல வந்தது. சேதி கேட்டு அம்மாவின் தம்பி, என் மாமா, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"நேரா குடுத்தா கேக்காதுங்க. ஊசியிலருந்து வர்ற சத்தம் ரொம்பக் கம்மி. நடுவுல ஃபோனோ ஸ்டேஜ்னு ஒண்ணு போடணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியோடு வந்தார். பிளேயரின் ஒயர் பெட்டிக்குள், பெட்டியின் ஒயர் ஆம்ப்ளிஃபயருக்குள். கடைசியாக மெல்லிய பச்சை எர்த் ஒயரைப் பெட்டியின் பின்னாலிருந்த திருகில் முடுக்கினார். டார்ச் பிடித்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. ஊசியை வைத்ததும் நாதஸ்வரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

அது புதன்கிழமை வரைதான் நீடித்தது. நாதஸ்வரத்தின் கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அத்தைதான் போன் போட்டாள்.

"உங்க பொட்டி இரையுதுங்க. ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

மாமா வந்தார், சரியானது. போனார், மறுபடி இரைந்தது. வாராவாரம் இதே கதை. 'எர்த் கோளாறு' என்று மாமா சொன்னதைக் கேட்ட அப்பா, வீட்டுக்குப் பின்னாலிருந்த எர்த் குழியில் உப்பைக் கொட்டித் தினமும் காலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எங்கள் வீட்டில் சாமிக்குக்கூட அப்படி அபிஷேகம் நடந்ததில்லை.

அத்தைக்கு ஓசூரில் ஒரு வரன் பார்த்திருந்தார்கள். நிலையான வேலையில்லாத மாமா அடிக்கடி வருவது அப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"ஓசூர்க்காரங்க வர்ற நேரத்துல இது வேற. இந்த ஞாயித்துக்கெழமயோட சரி. அப்பறமும் இரைஞ்சா பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுவேன்."

சனிக்கிழமை ரெக்கார்டை ஓடவிட்டு, பிளேயர் ஸ்டாண்டுக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தேன். பச்சை ஒயர் திருகிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருகோடு சேர்த்து அழுத்தினேன். இரைச்சல் டக்கென்று நின்றது!

"கண்டுபிடிச்சிட்டேன்!"

நான் போட்ட கூச்சலில் அப்பா ஓடிவந்தார். ஒயரை முடுக்கிவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"உங்க மாமனுக்கு நீயே தேவலடி! இனிமே அவன் வர வேணாம், போன் பண்ணி சொல்லிடு."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தை மட்டும் ஒரு வார்த்தை பாராட்டாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இடது ஸ்பீக்கர் ஊமையாகியிருந்தது.

எர்த் குழிக்குப் புறப்பட்ட அப்பா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் பின்னால் கழன்று கிடந்த ஒயரைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனியவில்லை. பிறகு அப்பா அம்மாவிடம் திரும்பினார்.

"உன் தம்பிய வரச் சொல்லு. உங்க அப்பா அம்மாவயும் கூட்டினு வரச் சொல்லு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு ஒயரைச் செருகுவதற்கு மூன்று பேர் எதற்கு? என்னிடம் சொல்லியிருந்தால் நானே செருகியிருப்பேனே!