மலையிலிருந்து மாற்றிய நிறம்

வடக்கனந்தல் பக்கம் என் வீட்டைத் தெரியாதவர்கள் கம்மி. மண்டியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்கியவன் நான். பிறகு சொந்தமாக லாரி வாங்கினேன், காட்டில் இடம் வாங்கினேன், ஊரிலிருந்து தள்ளி இந்த வீட்டைக் கட்டினேன். எஞ்சினியர் யாரையும் வைக்கவில்லை. சுண்ணாம்பால் தரையில் நானே கோடு போட்டேன், அதன்மேல் கொத்தனார் சுவர் எழுப்பினார். கூடத்திலிருந்து பின்பக்கக் குளியலறை வரைக்கும் நீளமாக ஒரு நடை. இரண்டு பக்கமும் அறைகள் இருப்பதால் அதில் ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு. கூரையில் ஒரு கண்ணாடி போடலாம் என்றார் கொத்தனார். ஒழுகும், வேண்டாம் என்றேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

அந்த நடையில்தான் என் மனைவி வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, சேலத்தில் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தோம். வாக்கர் வைத்து நடக்கச் சொன்னார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை விழுந்தால் திரும்ப நடக்க வைக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். யாரிடமும் வாயை மூடிக்கொண்டு வந்தவனில்லை நான். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகள்தான் விளக்கு யோசனையைச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் ஆரம்பித்து, நடையின் சுவரோரமாகக் குளியலறை வாசல் வரைக்கும் ரிப்பன் மாதிரி எல்.இ.டி. பட்டை ஒட்டினோம். சுவிட்சுக்கு ஒயர் இழுக்கவில்லை. கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி. கட்டிலுக்கு அடியிலும் நடையின் மூலையிலும் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற ஒவ்வொரு கண். அவள் காலைக் கீழே வைத்தால் கண் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி விளக்குக்குச் சொல்லும், வழி முழுக்க இளமஞ்சளாக எரியும். அவள் திரும்பி வந்து படுத்தால் தானாக அணையும். நான் எங்கே இருந்தாலும் இத்தனையும் என் போனில் தெரியும்.

நான் ஐந்தாவது தாண்டாதவன். மாட்ட வந்த எலக்ட்ரீஷியனே மகளுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் மாட்டினார். நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். போனில் வண்ணமெல்லாம் ஒரு வட்டமாக வரும். விரல் எங்கே படுகிறதோ அந்த நிறம் வீட்டில் எரியும்.

திருவிழாப் பந்தல் மாதிரி இருக்கிறது என்று முதலில் என் மனைவி முகம் சுளித்தாள். அப்புறம் பழகிவிட்டது. என்னைக் கூப்பிடாமல் தானே போய்வர ஆரம்பித்தாள். அந்தத் தைரியத்தில்தான் நான் மறுபடியும் கிழங்கு விலை பேச மலைக்குப் போனேன்.

வெள்ளிமலையில் டீக்கடை வாசலில் சிக்னல் நன்றாக வரும். கிழங்கு போடுகிற ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இங்கிருந்தே என் வீட்டு விளக்கைப் போடுவேன் என்றேன். நம்பவில்லை. போனில் படம் மாறுது, வூட்டுல இன்னா மாறுதுன்னு யாருக்குத் தெரியும் என்று ஒருவர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பச்சை, நீலம் என்று மாற்றிக் காட்டினேன். கடைசியில் சிவப்பு வைத்து, ஒளி ஓடுகிற மாதிரி விட்டேன்.

எனக்குப் பல வருஷமாகக் கிழங்கு போடும் ஒரு பெரியவர் மட்டும் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அங்க இப்ப யாரு இருக்காங்க மொதலாளி?"

"சம்சாரம் இருக்குது."

"அவங்க பயந்துக்க மாட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சிரித்துக்கொண்டே கீழே பார்த்தேன். விளக்குப் படத்துக்கு அடியில் நடையில் இருக்கும் கண்ணின் குறி எரிந்துகொண்டிருந்தது. நடையில் ஆள் இருந்தால்தான் அது எரியும்.

மஞ்சளுக்கு மாற்றினேன். அவளுக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவின் நம்பர் என் மனைவி போனில் இருக்கிறது, என்னிடம் இல்லை. சின்னசேலத்திலிருந்து சேலம் வரைக்கும் வியாபாரிகள் நம்பரெல்லாம் வைத்திருக்கிறேன், இது இல்லை. திரும்பப் போனைப் பார்த்தபோது விளக்கு, கண், பெட்டி எல்லாம் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. தொடர்பு இல்லை என்று வந்தது.

டீயை வைத்துவிட்டு ஜீப்பை எடுத்தேன். மலைப்பாதையில் சிக்னல் போய்விட்டது. இந்த வயதிலும் அந்த வளைவுகளை என்னைப் போல் ஓட்ட ஆள் கிடையாது. அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் கியரைத் தப்பாகப் போட்டேன். விழுந்திருந்தால் எந்தப் பக்கமாக விழுந்திருப்பாள் என்றே மனசு போனது. கரண்ட் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரண்ட் போனால் அவள் போனை எடுப்பாளே என்று அடுத்த வளைவில் தோன்றியது.

அடிவாரம் நெருங்கும்போது மகளே கூப்பிட்டாள். அவள் போனிலும் எல்லாம் சாம்பலாம், அம்மாவும் எடுக்கவில்லையாம்.

"அப்பா, நீங்க எதுனா மாத்துனீங்களா?"

"இல்லம்மா. வந்துக்கினு இருக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அம்மாவின் செருப்பு கிடந்தது. உள்ளே இருட்டு. நடையில், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. வாக்கர் தள்ளிக் கிடந்தது. பக்கத்தில் சொம்போடு அந்த அம்மா.

"எங்க அடி?"

"அடி ஒண்ணும் இல்லைங்க. திடீர்னு செவப்பா ஓடுச்சு. தரை எங்க, சொவரு எங்கன்னே தெரியல. வுழுந்துடுவேன்னு சொவத்தப் புடிச்சிக்கினு நானே உக்காந்துட்டேன். எந்திரிக்கத்தான் முடியல."

அவள் போன் சத்தம் அணைந்து கட்டிலில் கிடந்திருக்கிறது. இவள் கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மா, சிவப்பாக ஓடியது என்று இவள் சொன்னதும் ஒயர் பற்றிக்கொண்டது என்று நினைத்து மெயினை இறக்கிவிட்டாள். தனியாகத் தூக்கப் பயந்து கூடவே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருமாகப் பிடித்து மெதுவாக எழுப்பினோம். காலை ஊன்றினாள். நின்றாள்.

"அது எப்பிடி மாமா தானா மாறும்?" என்று கேட்டாள் அந்த அம்மா.

பெட்டியில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். மகளிடம் சொன்ன மாதிரி இங்கே வாய் வரவில்லை.

"நான்தான் மாத்துனேன்."

"மலை மேலேர்ந்தா?" என்றாள் என் மனைவி.

"ஆமா."

"அக்கா இங்க உயிரக் கையில புடிச்சிக்கினு நடக்குது, நீங்க அங்க குந்திக்கினு கலர் காட்டுறீங்களா? நல்ல புருசன்தான் போங்க" என்று சொம்பை எடுத்துக்கொண்டு அந்த அம்மா போனாள். என் மனைவி வாக்கரை ஊன்றிக் கட்டிலுக்குப் போனாள்.

மகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நடை விளக்கின் நிறத்தை என் போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். நிஜமாவாப்பா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு எடுத்தாள். எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று இனிமேல் பார்க்கலாம், அவ்வளவுதான். கருவியில் ஒரு குறையும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் இப்படி ஒரு வீடு இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

சாயங்காலம் மெயினைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, குளியலறைக்குப் போக என் மனைவி எழுந்தாள். காலைக் கீழே வைத்ததும் மஞ்சள் வெளிச்சம் வழி முழுக்க விரிந்தது. அறை வாசல் வரைக்கும் வந்து, வாக்கரை மட்டும் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். மறுபடியும் மாறிவிடுமோ என்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என் கையைப் பார்த்தாள்.

போன் கூடத்தில் இருந்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அப்புறமும் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் அவள் காலை எடுத்து வைத்தாள்.